பணித்தளப் பயணத்தில் ஒரு கோழியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்

தேரிமண் | சனி, இரவு 9.40

லெந்து நாட்களில், அதாவது தவக்காலத்தில், எங்கள் சபையிலிருந்து பதினான்கு பேர் ஐந்து நாள் தெலங்கானாவுக்குப் பணித்தளம் (மிஷனெரி ஊழியம் நடக்கும் இடம்) பார்க்கப் போய்வந்தோம். திரும்பி மூன்று வாரம் ஆகிறது. ஒரு விஷயம் மட்டும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. சபையில் எழுந்து சொன்னால் சாட்சி என்று நினைத்து ‘அல்லேலூயா’ போட்டுவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

சென்னையில் இரவு ரயில் ஏறி, விஜயவாடா, கம்மம் தாண்டித் தோர்ணக்கல் சந்திப்பில் இறங்கினோம். அங்கே பேராயராக இருந்த நம் திருநெல்வேலிச் சீமை அசரியா எழுப்பிய தேவாலயத்தைப் பார்த்தோம். 1939-இல் பிரதிஷ்டை ஆனது. இந்துக் கோயிலின் தூண்களும் மசூதியின் கும்மட்டங்களும் ஒரே கட்டடத்தில் சண்டையில்லாமல் நிற்பதைப் பார்க்க அரைநாள் போதாது. எங்களுக்கு இருபது நிமிடம் தந்தார்கள். பிறகு இரண்டு ஜீப்புகளில் காட்டோரக் கிராமங்களுக்குப் பயணம். கோயா மக்களின் குடியிருப்புகளைக் ‘கூடெம்’ என்கிறார்கள். இலுப்பைப்பூ உதிரும் காலம். வாசலெல்லாம் பாயில் பூ காய்ந்துகொண்டிருந்தது; அந்தப் புளித்த இனிப்பு வாசனை இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.

எங்களிடம் நாற்பது சேலைகள், நோட்டுப் புத்தகங்கள், ஒரு மருந்துப் பெட்டி, ஓர் ஒலிபெருக்கி. இவை போக ஆளுக்கு ஐந்து நிமிட வேதச் செய்தி.

மூன்றாம் நாள் ஒரு கூடெத்தில் கூட்டம் முடிந்து சேலைகளைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறப்போகும் நேரம். ஒரு பாட்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ‘கோடி, கோடி’ என்றார். எங்கள் குழுவில் ஒரு அம்மா, ‘பாவம், கோடித்துணி கேட்கிறார் போலிருக்கிறது, அவருக்குக் கொடுத்தது கிழிசலோ என்னவோ’ என்று இன்னொரு புதுச் சேலையை எடுத்து நீட்டினார். பாட்டி அதை வாங்கவில்லை. மறுபடியும் ‘கோடி’ என்றார். உடன் வந்த தெலுங்கு ஊழியர் ஓடிவந்து விளக்கினார்: தெலுங்கில் கோடி என்றால் கோழி. பாட்டியின் காலடியில், கால்கள் கட்டப்பட்டு, ஒரு சிவப்புப் பெட்டைக்கோழி கிடந்தது. எங்களுக்குத் தருவதற்காகக் கொண்டுவந்திருக்கிறார்.

எல்லோரும் சிரித்தோம். நான் பாட்டியின் கையைத் தட்டிக்கொடுத்து, ‘வேண்டாம் அம்மா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு உதவும்’ என்றேன். ஊழியர் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். நான் வற்புறுத்தினேன். பாட்டி ஒன்றும் பேசாமல் குனிந்து கோழியின் கால்கட்டை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது போலும், கொஞ்ச நேரம் பிடித்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம்.

ஜீப்பில் ஊழியர் மெதுவாகக் கேட்டார்: “அக்கா, நாற்பது சேலை கொடுத்தீர்கள். அவர்களில் ஒருவராவது ‘வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னார்களா?”

நான் செய்தது தப்பா?

மணப்பாட்டான் | சனி, இரவு 10.05

கோடித்துணி! அக்கா, மன்னிக்கவும், முதலில் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏழை வாய் திறந்தால் கேட்கத்தான் திறக்கும் என்று உங்கள் குழுவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? கொடுக்க வந்திருக்கலாம் என்று பதினான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

ஓலைப்பெட்டி | சனி, இரவு 10.31

நான் ஒரு சபையில் பதினோரு வருடம் பொருளாளராக இருந்தவன். நீங்கள் செய்ததில் தப்பே இல்லை. நாட்டுக்கோழி இன்றைக்கு என்ன விலை? அந்தப் பாட்டிக்கு அது முட்டை, குஞ்சு, அவசரத்துக்குச் சந்தையில் விற்றால் கைச்செலவு. அதை வாங்கிக்கொண்டு வந்து பதினான்கு பேர் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருந்தால் இப்போது ‘ஏழையின் கோழியைத் தின்றுவிட்டோமே’ என்று வேறோர் இழை தொடங்கியிருப்பீர்கள்.

என் வருத்தம் வேறு. பதினான்கு பேருக்கு ரயில், ஜீப், சாப்பாடு, தங்குமிடம். எங்கள் சபை இப்படி ஒருமுறை போனபோது செலவு 80,000 ரூபாயைத் தொட்டது. அந்தப் பணத்தைப் பணித்தளத்துக்கு அனுப்பியிருந்தால் ஓர் ஊழியரின் குடும்பம் பல மாதம் ஓடியிருக்கும். போய்வந்தவர்கள் படம் காட்டினார்கள். படத்தில் ஊழியர் ஓரமாக நின்றார்.

கரிசல்காற்று | சனி, இரவு 11.12

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது என்பது இங்கே பழையவர்களுக்குத் தெரியும். கோழியை விடுங்கள். சேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லையே? கூட்டத்துக்கு வந்தால் சேலை. பிரசங்கத்தைக் கேட்டால் நோட்டுப் புத்தகம். வாங்குகிறவர் எந்த நிலையில் வாங்குகிறார், கொடுப்பவர் எந்த உயரத்தில் நின்று கொடுக்கிறார் என்று யோசித்தீர்களா? அந்தப் பாட்டி யோசித்திருக்கிறார். அவர் கோழியைக் கட்டிக்கொண்டு வந்தது அந்தக் கணக்கைச் சமன்செய்யத்தான் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் அதைத் தட்டிவிட்டதும் சேலை தர்மமாகிவிட்டது.

தேரிமண் | ஞாயிறு, மதியம் 1.50

கரிசல்காற்று, கூட்டத்துக்கு வராதவர்களுக்கும் சேலை கொடுத்தோம். ஆனால் கூட்டம் முடிந்த பிறகே கொடுத்தோம். நீங்கள் கேட்கும்வரை இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை.

ஓலைப்பெட்டி அண்ணாச்சி, நீங்கள் சொல்லும் நியாயத்தைத்தான் நானும் மூன்று வாரமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சமாதானமாகவில்லை.

கப்பல்காரன் | ஞாயிறு, மாலை 6.20

நடுவில் ஒரு சந்தேகம். என் மைத்துனர் அமெரிக்கக் குடிமகன், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தருவது) வைத்திருக்கிறார். டிசம்பரில் இப்படி ஒரு பயணத்தில் சேர்ந்து இரண்டு கூட்டங்களில் பேச ஆசைப்படுகிறார். வரலாமா?

நெறியாளர் | ஞாயிறு, மாலை 7.02

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இழை திசைமாற வேண்டாம். உறவினரைப் பார்க்க, ஊர் சுற்ற, ஆராதனையில் உட்கார ஓ.சி.ஐ. அட்டை போதும். மிஷனெரிப் பணி என்றால் போதாது. 2021 மார்ச் மாத மத்திய அரசு அறிவிக்கையின்படி அதற்குத் தனியாகச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்வதும் கூடாது; மிஷனெரி விசா என்று ஒன்று தனியே உண்டு. இந்தியக் குடிமக்களுக்கு அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. ஆனால் அதில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் ஸ்டனிஸ்லாஸ் வழக்கில் சொன்னது. ஒடிசாவில் 1967 முதலும் மத்தியப் பிரதேசத்தில் 1968 முதலும் இது தொடர்பான சட்டம் இருக்கிறது. பிறகு வேறு பல மாநிலங்களும் இயற்றின. போகும் மாநிலத்தின் சட்டத்தைப் படித்துவிட்டுப் புறப்படச் சொல்லுங்கள். மைத்துனர் பேசாமல் வந்து கேட்டுவிட்டுப் போனால் அவருக்கும் நல்லது, கூட்டத்துக்கும் நல்லது.

மணப்பாட்டான் | ஞாயிறு, இரவு 8.45

நெறியாளரின் கடைசி வரிக்கு என் ஓட்டு.

எங்கள் ஊரில் சவேரியார் தங்கி ஜெபித்த கெபி இருக்கிறது. கடலைப் பார்த்த மணல்பாறைக் குகை. 1542 மே மாதம் கோவாவில் கரை இறங்கியவர், அந்த வருடம் முடிவதற்குள் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். தமிழ் தெரியாது. போர்த்துகீசியம் அறிந்த உள்ளூர்க்காரர்களை உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் கட்டளைகளையும் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போனார். உச்சரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! ஒரு கட்டத்தில் நோயாளிகள் வீடுகளுக்குத் தன்னால் போய் முடியாமல் சிறுவர்களை அனுப்பினார். அந்தப் பிள்ளைகள் போய் ஜெபம் சொன்னார்கள். அதாவது வந்த ஒரு வருடத்துக்குள் ஊழியத்தில் பாதி பரதவர் வீட்டுப் பிள்ளைகள் கைக்குப் போய்விட்டது. சிறுவயதில் எனக்குச் சவேரியாரைவிட அந்தப் பையன்கள்மீதுதான் பொறாமை.

அக்கா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அன்றைக்கு அந்தக் கூடெத்தில் உங்கள் ஐந்து நிமிடச் செய்தி எதைப் பற்றி?

தேரிமண் | ஞாயிறு, இரவு 9.30

கேட்க மாட்டீர்கள் என்று நினைத்தேன்.

சாறிபாத் ஊர் விதவை.

மணப்பாட்டான் | ஞாயிறு, இரவு 9.33

ஐயோ அக்கா.

கரிசல்காற்று | ஞாயிறு, இரவு 9.50

எனக்கு யாராவது விளக்குங்கள்.

ஓலைப்பெட்டி | ஞாயிறு, இரவு 10.15

பஞ்ச காலம். எலியா தீர்க்கதரிசி ஒரு விதவையிடம் தண்ணீரும் அப்பமும் கேட்கிறார். ‘பானையில் ஒரு பிடி மாவுதான் இருக்கிறது, நானும் என் மகனும் சாப்பிட்டுச் சாகப்போகிறோம்’ என்கிறாள். ‘முதலில் எனக்கு ஒரு சிறிய அடை செய்து கொண்டுவா’ என்கிறார் எலியா. அவள் செய்துகொடுக்கிறாள். அதற்குப்பின் பானையில் மாவு குறையவே இல்லை. அதுதான் கதை.

ம். நான் நேற்று எழுதியதை எலியாவிடம் சொல்லியிருந்தால் அவர் பட்டினியாகத் திரும்பியிருப்பார், அந்தப் பெண்ணும் செத்திருப்பாள். ஆனாலும் நான் சொன்னதை முழுதாக வாபஸ் வாங்க மாட்டேன். எலியா தனி ஆள்; பதினான்கு பேர் ஜீப்பில் வரவில்லை.

பழைய உபதேசி | திங்கள், காலை 5.10

எழுதத் தாமதம். கண் சரியில்லை, பேத்தி தட்டச்சு செய்துதருகிறாள்.

நான் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, வடக்கே ஒரு பணித்தளத்தில் 24 வருடம் இருந்தவன். சங்கத்தின் பெயர் வேண்டாம். போன புதிதில் அரிசி, பருப்பு, புளி, என் ஆச்சி இடித்துக்கொடுத்த மிளகாய்ப்பொடி எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போனேன். மக்களுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்ற எண்ணம். நானே சமைத்து, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவேன். பேசினால் கேட்பார்கள், தலையாட்டுவார்கள். எட்டு மாதம் ஒருவர்கூட என் வாசலை மிதிக்கவில்லை. ‘கடின இருதயம்’ என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் எழுதினேன்.

ஒன்பதாம் மாதம் மலேரியா வந்து படுத்தேன். இரண்டு நாள் கதவு திறக்காததைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் குடிசைப் பெண், எனக்குத் தாய் வயது, சோளக்கஞ்சியும் ஒரு பச்சைமிளகாயும் கொண்டுவந்தார். ஒன்பது நாள், இரு வேளை. பிறகுதான் தெரிந்தது, அந்த ஊரில் என்ன பேச்சு நடந்திருக்கிறது என்று: ‘இவன் நம் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, நம்மைத் தீண்டத்தகாதவர்கள் என்று நினைக்கிறான்.’ எட்டு மாதம் நான் சொன்ன அன்பின் செய்தி அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று பாருங்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு நான் பிரசங்கிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர்களாகவே வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள்.

லூக்கா பத்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபது பேரை அனுப்பும்போது பணப்பை வேண்டாம், சாமான் பை வேண்டாம் என்கிறார். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள் என்கிறார். ‘கொண்டுபோய்க் கொடுங்கள்’ என்று அங்கே ஒரு வார்த்தை இல்லை. இதை நான் பயிற்சிக் காலத்தில் பரீட்சைக்குப் படித்து மதிப்பெண் வாங்கினேன். விளங்கியது சோளக்கஞ்சியில்தான்.

பொருளாளர் தம்பிக்கு ஒரு வார்த்தை. நம் இந்திய மிஷனெரி சங்கம் 1903-இல் திருநெல்வேலியில் தொடங்கியபோது பணம் எங்கிருந்து வந்தது? பனையேறிக் குடும்பங்களிலிருந்து. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலயத்தில் போடுவார்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். அரைவயிற்றுக் கஞ்சி காய்ச்சும் நாளிலும் அந்தப் பிடி போகும். அந்த அரிசியைச் சபையில் கொட்டி, ஏலம்விட்டு, தோர்ணக்கல்லுக்கு அனுப்பினார்கள். ‘ஆச்சி, உனக்கே இல்லை, நீயே வைத்துக்கொள்’ என்று யாராவது கலயத்தைத் திருப்பிக் கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் என் ஆச்சி அந்தக் கோயிலில் கால் வைத்திருக்க மாட்டாள். இந்த மகள் திருப்பிக் கொடுத்த கோழியும் பிடி அரிசிதான்.

கோழியை வாங்கியிருக்க வேண்டும். ஆனால் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வருவது வழிப்பறி. அந்தப் பாட்டி வீட்டிலேயே அடித்து, அங்கேயே குழம்பு வைத்து, அவரையும் உட்காரவைத்து, ஊரில் நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பிட வேண்டும். அதற்கு ஒரு மாலை முழுதும் ஆகும். உங்கள் நிகழ்ச்சி நிரலில் அந்த மாலை இருந்ததா?

தேரிமண் | திங்கள், காலை 8.15

இல்லை ஐயா. மாலையில் இன்னும் இரண்டு கூடெங்கள் இருந்தன.

கரிசல்காற்று | திங்கள், காலை 11.40

பெரியவருக்கு வணக்கம். உங்கள் ஆண்டவரை ஏற்காதவனும் உங்கள் கஞ்சியை ஏற்கிறேன்.

ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு நினைவுக்கு வருகிறார். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்குகிறார். கடலில் மட்டும் ஏழு மாதம். அனுப்பியவர் டென்மார்க் மன்னர், ஆனால் அதே டென்மார்க்கின் ஆளுநர் முகம்கொடுத்துப் பேசவில்லை. பின்னால் கோட்டையில் நாலு மாதம் சிறையிலும் வைத்தார். சொந்த இனத்தார் விரட்ட, இவர் என்ன செய்தார்? ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரையே தம் வீட்டில் பள்ளி நடத்த வைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாய் மணலில் விரலால் அ, ஆ எழுதினார். இரண்டே வருடத்தில் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மனில் பெயர்த்தார். கற்பிக்க வந்தவர், இங்கே கற்றதைத் தம் ஊருக்கு அனுப்புகிறார். 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். உங்களை அனுப்பியது அந்தச் சமயத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று கடிந்துகொண்டார்கள். நூல் அச்சேறியது 1867-இல். அவர் இறந்தது 1719-இல், 36 வயதில்.

அனுப்பிய சபைக்குத் தான் கற்றதைச் சொன்னால் சபைக்குப் பிடிக்காது, தேரிமண். அதனால்தானே நீங்களும் இங்கே வந்து எழுதுகிறீர்கள்?

ஓலைப்பெட்டி | திங்கள், மதியம் 12.30

பெரியவர் என் வாயை அடைத்துவிட்டார். எங்கள் அம்மாவும் பிடி அரிசி எடுத்தவள்.

ஆனால் வாங்கிய காணிக்கையை வைத்துக்கொள்ளாமல் வழிசெய்வதும் ஒரு முறைதானே? 1779-இல் கம்பெனியார் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரை (பாதிரியாரை ஐயர் என்பது எங்கள் வழக்கம்) ஹைதர் அலியிடம் தூது அனுப்பினார்கள். சீரங்கப்பட்டணத்திலிருந்து புறப்படும்போது ஹைதர் வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் மறுக்கப் பார்த்தார். மறுத்தால் அவமதிப்பு என்றார்கள். வாங்கிக்கொண்டார், சென்னை அரசிடம் ஒப்படைக்கப்போனார், அவர்கள் நீரே வைத்துக்கொள்ளும் என்றார்கள். கடைசியில் அது தஞ்சாவூரில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு முதலாகிவிட்டது.

கரிசல்காற்று | திங்கள், மதியம் 12.52

நல்ல கதை. ஆனால் ஹைதரிடம் வாங்குவதற்கும் கூடெத்துப் பாட்டியிடம் வாங்குவதற்கும் எவ்வளவு தூரம்? ராஜா கொடுத்ததை மறுத்தால் அவமதிப்பு என்று ஐயருக்கு உடனே எடுத்துச் சொல்ல ஆள் இருந்தது. பாட்டி கொடுத்ததை மறுத்தாலும் அவமதிப்புதான் என்று சொல்ல வந்த ஊழியரை நம் தோழி ‘மொழிபெயர்’ என்று வற்புறுத்தினார்.

மலையடி | திங்கள், மாலை 4.05

இரண்டு நாளாக வாசிக்கிறேன். எல்லோரும் தெலங்கானா, மணப்பாடு, தரங்கம்பாடி என்று போகிறீர்கள். நான் உள்ளூரைக் கேட்கிறேன்.

எங்கள் சபையில் இரண்டு தெரு. ஆராதனையில் ஒரே பெஞ்சு, அசனத்தில் ஒரே பந்தி, போட்டோவில் ஒரே வரிசை. ஆனால் மேலத்தெருக்காரர் எங்கள் தெரு வீட்டுக்கு வந்தால் காப்பி வேண்டாம் என்பார். ‘இப்போதுதான் குடித்தேன்’ என்பார். என் இருபத்தாறு வயதில் அவர் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பெல்லாம் இப்போதுதான் குடித்திருக்கிறார். இதே மனிதர் வருடாவருடம் பணித்தளம் போகிறார், ஆதிவாசிகள் வீட்டில் களி சாப்பிட்டதாகச் சாட்சி சொல்கிறார். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டினால் தாழ்மை வருகிறது. எதிர்த்தெருவைத் தாண்ட முடியவில்லை.

இது இன்றைக்கு வந்த நோய் இல்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டானியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரில் கிறிஸ்தவர்களே எதிர்த்து நின்றார்கள். நாம் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியார் அந்தப் பக்கம் நின்றவர். அவர் பாட்டை இன்னும் பாடுகிறேன், தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டே பாடுகிறேன்.

அக்கா, நீங்கள் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. ‘வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்ற வார்த்தை எங்கள் வீட்டு வாசலில் எப்படி ஒலிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதனால் எழுதினேன்.

பழைய உபதேசி | திங்கள், மாலை 6.30

இந்தப் பிள்ளை சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு முறை வாசிக்கச்சொல்லிக் கேட்டேன்.

மணப்பாட்டான் | திங்கள், இரவு 8.20

மலையடி, எங்கள் கத்தோலிக்கப் பக்கமும் சுத்தம் இல்லை. 1606-இல் மதுரைக்கு வந்த பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி காவி கட்டி, மரக்கறி மட்டும் உண்டு, சந்நியாசியாக வாழ்ந்ததைப் பெருமையாகச் சொல்வோம். யாரோடு உட்கார்ந்து உண்ணவில்லை என்பதைச் சொல்ல மாட்டோம். தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று பின்னால் பண்டாரசாமிகள் என்ற வேறு குருக்கள் தனியாக ஏற்பட்டார்கள்.

கால்டுவெல் ஐயரும் அப்படி ஒரு புதிர்தான். 1841-இல் பல்லக்கு வேண்டாம் என்று சென்னையிலிருந்து நடந்தே புறப்பட்டு, தஞ்சை, திருச்சி, நீலகிரி, மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து இடையன்குடியில் குடியேறினார். மக்களை அறியத்தான் நடந்தார். எட்டு வருடம் கழித்து அந்த மக்களைப் பற்றி எழுதிய சிறு நூலோ அவர்களைத் தாழ்த்தியது. அவர்கள் பிள்ளைகள் படித்து அதை வாசித்தபோது கொதித்தார்கள். அவ்வளவு தூரம் நடந்தும் எட்டாத இடம் ஒன்று இருந்திருக்கிறது. ஆனாலும் அந்த மனிதர் அதே தேரி மணலில் அரை நூற்றாண்டு கிடந்தார், அங்கேயே அடக்கமானார். நம் ஐந்து நாளோடு ஒப்பிட எனக்கு வாய் வரவில்லை.

ஓலைப்பெட்டி | திங்கள், இரவு 9.00

நடந்தவர்கள் என்றால் வெள்ளைக்காரர்களையே சொல்கிறோம். மயிலாடி மகாராசன் சிதம்பரத்துக்குச் சாமி கும்பிடப் போனவர். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டு, வேதமாணிக்கமாகி ஊருக்கு வந்தார். தெற்குத் திருவிதாங்கூருக்குப் புராட்டஸ்டண்ட் செய்தியைக் கொண்டுவந்த முதல் கால்கள் அவருடையவை. மிஷனெரி ரிங்கல்தௌபே அவர் அழைத்ததால் 1806-இல் வந்தவர். அழைத்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர், அவ்வளவுதான்.

இதையே அசரியா 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் மிஷனெரிகள் முகத்துக்கு நேராகச் சொன்னார். பொருளைக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், நண்பர்களைத் தாருங்கள் என்றார். வெள்ளாளன்விளையில் பிறந்தவர், அப்போது 35 வயது. சபையில் அதை மேற்கோள் காட்டிப் பேசியிருக்கிறேன். வெள்ளைக்காரனுக்குச் சொன்னது என்றே இதுவரை நினைத்திருந்தேன்.

தேரிமண் | செவ்வாய், இரவு 10.10

இன்று அந்த ஊழியருக்குத் தொலைபேசினேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். பாட்டிக்கு மன்னிப்பெல்லாம் புரியாது, ‘அந்தத் தமிழ்ப் பெண் மறுபடி வருவாளா, அவளுக்கு வயிறு சரியில்லையா’ என்றுதான் கேட்டாராம். வயிற்றுக்கோளாறு உள்ளவர்தான் கோழியை வேண்டாம் என்பார் என்று அவர் முடிவு செய்திருக்கிறார். என்னைக் காப்பாற்ற அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஆகஸ்டில் நானும் என் கணவரும் மட்டும் போகிறோம். சேலை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஊழியர் ‘பருத்தியில் களையெடுக்கும் காலம், பகலில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள்’ என்றார். அவர்களோடு காட்டுக்குப் போகிறோம் என்றேன். ‘உங்களால் முடியாது, வரப்பில் உட்காருங்கள்’ என்றார்.

மலையடி, உனக்கு எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை. தெரிந்திருக்காது என்று நீ சொன்னது மரியாதைக்காக. எனக்குத் தெரியும், எங்கள் அப்பாவும் அப்படி ‘இப்போதுதான் குடித்தேன்’ என்று சொல்வதைக் கேட்டே வளர்ந்தேன்.

ஐயா, ‘சாப்பிட வந்திருக்கிறேன் பாட்டி’ என்று தெலுங்கில் எப்படிச் சொல்வது?

பழைய உபதேசி | புதன், காலை 5.20

‘அன்னம் தினடானிகி வச்சானு, அவ்வா.’ அவ்வா என்றால் பாட்டி. ‘வச்சானு’ என்பதில் ‘ச்சா’வுக்கும் ‘ச்சே’வுக்கும் நடுவே ஓர் ஒலி, நம் எழுத்தில் வராது. தெலுங்குக்காரர் யாரிடமாவது சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, சிரிப்பார்கள்.

மலையடி | புதன், காலை 9.15

வாசித்தேன் அக்கா. ஊருக்கு வந்தால் சொல்லுங்கள்.

தேரிமண் | புதன், இரவு 8.50

எங்கள் எதிர்வீட்டில் நெல்லூர்க் குடும்பம், ஆறு வருடமாக. இன்று மாலை அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். ‘ச்சா’ சரியாக வரவில்லை. பயிற்சிக்காகச் சொல்கிறேன் என்று விளக்குவதற்குள் அவர் உள்ளே போய்த் தட்டு எடுத்துவந்துவிட்டார். இரண்டு பெசரட்டு, இஞ்சித் துவையல். மூன்றாவதும் போட்டார்.